கூட்டம் இறங்குகிற ஊர்

ஜனவரி 12

அன்புள்ள ஆந்தைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம், உன் மாமா நலம், அவருடைய இருமல் எங்கள் இரண்டு பேரையும்விட நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதம் வந்தது. என்ன எழுத்துடா அது. ஒரு வரி இன்னொரு வரியின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பாதி வார்த்தை காகித ஓரத்தைத் தாண்டி மேசையிலேயே தங்கிவிட்டது போல. மூன்றாம் வகுப்போடு மூட்டை கட்டிய நானே நேராக எழுதுகிறேன். பத்து வரைக்கும் படித்தவன் நீ. குடிக்க ஆரம்பித்துவிட்டாயா என்று நான் கேட்டதாக உன் வீட்டுக்காரியிடம் சொல்.

கோட்டை நகரத்துக்கு இரண்டு நாள் போய்வரலாமா என்று கேட்டிருக்கிறாய். நம் கட்டிலுக்கு மேலே தொங்கிய காலண்டர் படம்தானே? அந்தக் கல் சன்னல், அதன் வழியாக வெயில் தரையில் பூப்பூவாக விழுந்திருக்குமே. வருஷம் முடிந்தும் அப்பா கழற்றாத காலண்டர். ஊசியால் குத்தி அதில் கண்ணை வைத்தால் உள்ளே ராஜா தெரிவார் என்று சொன்னேன். நீ சன்னல் முழுக்கக் குத்தினாய். அப்பா உன் முதுகில் விளாசித் தள்ளினார். "அக்காதாம்பா சொன்னா" என்று நீ விழித்த விழி இருக்கிறதே, அன்றைக்கு வைத்த பெயர்தான் ஆந்தை. சலவைக்கூடத்தில் அதை நினைத்துத் தனியாகச் சிரிக்கிறேன். இது ஆஸ்பத்திரி, தனியாகச் சிரித்தால் வேறு வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

போகலாம். ஆனால் இப்போது இல்லை. மகளுக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது. வழி தெரியுமா என்று கவலைப்படாதே. ஸ்டேஷன் பலகையை நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். கூட்டம் எங்கே இறங்குகிறதோ அங்கே இறங்க வேண்டியதுதான். இத்தனை வருஷத்தில் கூட்டம் என்னைக் கைவிட்டதே இல்லை.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்து, நடுநடுவே கீழே போட்ட அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உன் முழங்கால் வலியும் மாமாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? மகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

நான் குடிக்கவில்லை.

மார்ச் மாதத்திலேயே போக முடியுமா என்று யோசித்துப் பார். வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் நல்லது. எனக்கு மதிலும் கோபுரமும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கல் சன்னல் மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். இவளுக்குத் தையல் பிரிவில் விடுப்புக் கிடைக்காது. நீ வந்தால்தான் உண்டு.

கம்பெனியில் என்னை செக்கிங்கிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். பனியனைக் கண்ணாடி மேசையில் விரித்து, அடியிலிருந்து வருகிற விளக்கு வெளிச்சத்தில் ஓட்டை தேடுகிற வேலை இனி இல்லை. ஒரு விதத்தில் ஓய்வுதான்.

சீக்கிரம் பதில் எழுது.

தம்பி


மார்ச் 27

அன்புள்ள ஆந்தைக்கு,

நலம், நலம், எல்லோரும் நலம். நேற்றுவரை நான் அக்கா, இன்றைக்குப் பாட்டி. பேரன் பிறந்திருக்கிறான். மொட்டைத் தலையும் முறைப்புமாக அப்படியே உன் மாமா. இருமல்தான் பாக்கி.

ஓட்டை கண்டுபிடிக்கிறவனைப் பெட்டி கட்டப் போட்டுவிட்டார்களா? வேலை நேரத்தில் தூங்கியிருப்பாய். ஆந்தை பகலில் தூங்கத்தானே செய்யும்.

பயணம் இப்போதைக்கு நடக்காது. எங்கள் மேற்பார்வைக்காரி இருக்கிறாளே, நாங்கள் இஞ்சி என்று கூப்பிடுகிறோம், இஞ்சி தின்ற முகம். விடுப்பு என்று வாயைத் திறந்தால், "வெளுக்க வேண்டிய போர்வை மலையாக் கெடக்கு, உனக்கு ஊர் மேயணுமா" என்கிறாள். "நான் மேயப் போகலை, என் தம்பி மேயணும்ங்கிறான், நான் கயிறு பிடிச்சுக்கிட்டுப் போறேன்" என்றேன். கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

இத்தனை நூறு வருஷமாக நிற்கிற கோட்டை, எங்கே ஓடிவிடப்போகிறது? மழை முடிந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
இளமை மாறாத பாட்டி


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பேரன் பிறந்ததில் எங்களுக்கு மிகவும் சந்தோஷம். தாயும் பிள்ளையும் நலமா?

கோட்டை ஓடாது. என் கண்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பார்வை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வருகிறது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல. குழாய்க்கு நேரே இருப்பது தெளிவாகத் தெரியும். உன் கடிதத்தைக்கூட நானேதான் படிக்கிறேன். குழாய்க்கு வெளியே ஒன்றும் இல்லை. அதனால்தான் காகித ஓரம் தெரிவதில்லை, பக்கத்தில் வருகிற ஆள் மேல் மோதுகிறேன், படியில் தடுக்கி விழுகிறேன். தெருவில் தனியாகப் போக முடியாது. மழைக்காலம் வருவதற்குள் அந்தக் குழாயும் அடைந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து கிடையாதாம்.

அதற்குள் ஒரு தடவை அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவேன். அதனால் கேட்கிறேன். முடியாது என்றால் அதையாவது உடனே எழுது.

தம்பி


மே 20

அன்புள்ள ஆந்தைக்கு,

அக்கா நலம். நீ நலமா என்று இந்தத் தடவை எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. பேனா கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

ஆந்தைக்குப் பகலில்தான் கண் தெரியாது என்பார்கள். நீ இரவுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். சிரிப்பு வரவில்லையா? எனக்கும் வரவில்லை. எழுதியாகிவிட்டது, அழிக்க ரப்பர் இல்லை.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை. இஞ்சியின் காலைப் பிடித்து, கையைப் பிடித்து, கடைசியில் அவள் வீட்டுத் திரைச்சீலையெல்லாம் வெளுத்துக் கொடுத்து சனி, ஞாயிறு வாங்கியிருக்கிறேன். திங்கள் காலை நான் துணி வேகிற கொப்பரை முன்னால் நிற்கவில்லை என்றால் என்னையே அதில் போட்டுவிடுவாள். வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். ராத்திரி வண்டி, விடிந்தால் கோட்டை. பகல் முழுக்கப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்புகிறோம். இரண்டு நாள் கேட்டாய், ஒரு நாள் தருகிறேன். கேட்டதில் பாதி கிடைப்பதே பெரிய விஷயம், என் கல்யாணத்தையே எடுத்துக்கொள்.

நல்ல சட்டையாகப் போட்டுக்கொள். ராஜா முன்னால் ஓட்டைப் பனியனோடு நிற்காதே.

இப்படிக்கு,
கயிறு பிடிக்கப்போகும் அக்கா


ஜூன் 21

அம்மாடி,

உன் நாத்தனார் எழுதுவது. நலமாக வந்து சேர்ந்தேன். நீ நலமா, தையல் மெஷினில் விரலை விட்டுக்கொண்டாயே, ஆறிவிட்டதா?

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். என் தம்பிக்குப் படித்துக் காட்டாதே. ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் என் வயிறு வெடித்துவிடும்.

விடியற்காலையில் வண்டி ஓர் ஊரில் நின்றது. பெட்டி முழுக்க இறங்கியது. நானும் அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று இறக்கிவிட்டேன். வண்டி போன பிறகுதான் தெரிந்தது, இறங்கியதெல்லாம் சிமென்ட் ஆலைக்கு வேலைக்குப் போகிற கூட்டம். கோட்டை நகரம் இன்னும் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிறது. டிக்கெட் கொடுக்கிறவர், "பத்தரைக்கு ஒரு வண்டி இருக்கும்மா, அதுல போங்க" என்றார். அது எல்லா ஊரிலும் நின்று நின்று சாயங்காலம்தான் போய்ச் சேருமாம். அதில் போனால் ராத்திரி அங்கேயே தங்க வேண்டும், திங்கள் காலைக்கு நான் வந்து சேர முடியாது. வேலை போய்விடும்.

திரும்பி வந்தால் உன் வீட்டுக்காரன் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "வந்துட்டமாக்கா?" என்றான். "வந்துட்டோம்டா" என்று வாயில் வந்துவிட்டது. வந்ததை எப்படித் திருப்பி விழுங்குவது?

அப்புறம் பார்த்தாயா, எனக்கே ருசி தட்டிவிட்டது. தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, "இதான்டா காவல் கோபுரம்" என்றேன். தலையை அண்ணாந்து பார்த்தான். ஆலையின் பழைய சுற்றுச்சுவர் பாதி இடிந்து கிடக்கிறது, அதுதான் மதில். தடவிப் பார்த்தான். பிறகு ஒரு காலிக் கிடங்கு. காற்றுக்காகச் சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையாக சிமென்ட் ஜாலி வைத்திருக்கிறார்கள். மண்டபத்துக்கு வேறு என்ன வேண்டும்?

வாசலில் காவல்காரன், "யாரும்மா, இது கிடங்கு" என்று ஆரம்பித்தான். நான் அவனைப் பார்த்து ஒரு கண்ணடித்து, "பாவம், கண்ணு தெரியாதுண்ணே" என்று உதட்டை மட்டும் அசைத்தேன். நல்ல மனுஷன். சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, "செருப்பைக் கழட்டிட்டுப் போங்க, ராணி நடந்த இடம்" என்றானே பார்க்கலாம். உன் வீட்டுக்காரன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். சிமென்ட் தூசியில் நடந்து நடந்து பாதம் இரண்டும் சாம்பல். எனக்கு முந்தானையை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. ஜாலி வழியாக வெயில் விழுந்த இடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் பேசவில்லை. மனசு நிறைந்தால் பேச்சு வராது.

தெரியாதவனுக்கு எந்தச் சுவராக இருந்தால் என்ன? அவன் கோட்டையைப் பார்த்தாயிற்று, என் வேலையும் தப்பித்தது. நீ உளறிவிடாதே.

இப்படிக்கு,
ராணியின் தோழி


ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள். உடம்பு நலம். பேரன் குப்புற விழுகிறானா?

மழை பிடித்துவிட்டது. டாக்டர் சொன்னபடியே எனக்கும் மூடிவிட்டது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறது. கம்பெனியிலிருந்து நின்றுவிட்டேன்.

பொழுது போவதற்கு அந்த நாளைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், என் அக்கா என்னைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனாள் என்று. அவர்கள் கேட்கிற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த மதிலைக் கட்டியது யார்? கல் சன்னலைச் செதுக்க எத்தனை பேர் வேலை செய்தார்கள்? என் பாதத்தில் ஒட்டிய சாம்பல் நிறத் தூள் என்ன? அங்கே உன்னிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். மறக்காமல் எழுது. நீ சொன்னால் எனக்கு மறுபடியும் தெரியும்.

தம்பி


ஆகஸ்ட் 30

அன்புள்ள ஆந்தைக்கு,

நலம். பேரன் குப்புற விழுந்து, எழுந்து, இப்போது என் தலைமுடியைப் பிடித்துத் தொங்குகிறான். உன்னை மாதிரியே, எதைக் கையில் பிடித்தாலும் விடுவதில்லை.

கேள்வியைப் பார், வாத்தியார் தோற்றுவிடுவார். எழுதிக்கொள். மதிலைக் கட்டியது பெரிய ராஜா, பாதியில் நிறுத்தியது அவர் மாமியார். அதனால்தான் ஒரு பக்கம் இடிந்த மாதிரி இருந்தது. கல் சன்னலுக்கு நூறு சிற்பிகள். வேலை முடிந்ததும் எல்லோரையும் ராஜா வரிசையாக நிற்க வைத்து, வேறு எங்கேயும் இதே மாதிரி செய்யக்கூடாது என்று கண்ணைக் கட்டி அனுப்பிவிட்டாராம். சாம்பல் நிறத் தூள் ராணியின் குளியல் பொடி. முத்தையும் சங்கையும் சேர்த்து அரைத்தது. இத்தனை காலமாகியும் தரையைவிட்டுப் போகவில்லை. நீ வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டாய், மடையா. சட்டியில் வழித்து வைத்திருந்தால் உன் வீட்டுக்காரி இந்நேரம் ராணியாகியிருப்பாள்.

இதையெல்லாம் அங்கிருந்த மீசைக்காரக் காவல்காரர்தான் சொன்னார். சத்தியம். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல், வாயைப் பிளக்கட்டும்.

அடுத்த முறை வேறு ஒரு கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். எனக்கு இப்போது தொழில் பழகிவிட்டது.

இப்படிக்கு,
உன் கண்ணான அக்கா


அக்டோபர் 14

அக்காவுக்கு,

நலம். மாமாவின் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை இவள் படித்துக் காட்டினாள். ராணியின் குளியல் பொடி வந்த இடத்தில் இவள் குரல் தடுமாறியது. அப்போதுதான் இவளுக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. எழுது, நிறுத்தாதே, இதையும் எழுது.

குழாய்க்கு நேரே இருப்பது தெளிவாகத் தெரியும் என்று ஏப்ரலில் உனக்கு எழுதினேன். அந்த வரியை நீ தாண்டிப் போய்விட்டாய். வண்டி நின்றபோது சன்னலுக்கு நேரே ஊர்ப் பலகை இருந்தது. படித்தேன். வாயைத் திறப்பதற்குள் நீ என்னை இறக்கிவிட்டாய். தவறு யாருக்கும் வரும். அதனால்தான் வந்துவிட்டோமா என்று உன்னைக் கேட்டேன். வந்துவிட்டோம் என்றாய்.

பத்தரை வண்டி இரண்டாவது பிளாட்பாரத்துக்கு வரும் என்று ஒலிபெருக்கியும் சொன்னது. கண்தானே போய்க்கொண்டிருந்தது, காது இருந்தது. நீ சொல்வாய் என்று பார்த்தேன். பன் வாங்கிக் கொடுத்தாய். டீயை ஆற்றிக் கொடுத்தாய். தண்ணீர்த் தொட்டியைக் கோபுரம் என்றாய். இப்போது சொல்வாள், இந்தச் சுவர் முடிந்ததும் சொல்வாள் என்று கூடவே வந்தேன். பத்தரைக்கு வண்டி ஊதியது. நீ சத்தமாகப் பேச ஆரம்பித்தாய்.

ஏன் நான் கேட்கவில்லை என்பாய். காலண்டர் நாளிலிருந்து உன் பொய்யை எல்லாம் நான்தான் கண்டுபிடித்திருக்கிறேன். அதுதான் எனக்குச் சோறு போட்ட வேலையும். இந்த ஒரு தடவை நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

கிடங்கு வாசலில் உன் பக்கம் திரும்பினேன். குழாய்க்குள் உன் முகம் மட்டும் இருந்தது, சட்டம் போட்ட போட்டோ மாதிரி. நீ காவல்காரனைப் பார்த்துக் கண்ணடித்தாய். நான் செருப்பைக் கழற்றினேன்.

ஊர் திரும்பிய மறுநாளே மழை. அதற்குப் பிறகு எதுவும் தெளிவாக நிற்கவில்லை. காலையில் எழுந்தால் அந்தக் கண்ணடிப்புதான் முன்னால் வருகிறது. இனிமேல் அதை மறைக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

ஜாலி வழியாக விழுந்த வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஜூலையில் அந்தக் கேள்விகளைக் கேட்டது, நீ எவ்வளவு தூரம் போவாய் என்று பார்க்க. நல்ல தூரம் போனாய்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி

அண்ணி, அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். இப்போது என்னோடும் பேசுவதில்லை.


டிசம்பர் 9

என் தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும்.

நான் கோட்டை நகரத்துக்குப் போய்வந்தேன். தனியாக. போனால் திரும்பி வேலைக்கு வராதே என்று இஞ்சி சொன்னாள். சொன்னதைச் செய்தும்விட்டாள். அதை உன்மேல் சுமத்த எழுதவில்லை.

அந்த சிமென்ட் ஊரில் கூட்டம் இறங்கியது. நான் இறங்கவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சரியான ஊரில் என் பெட்டியிலிருந்து இறங்கியது நான் ஒருத்திதான்.

மதில் நான் நினைத்த மாதிரி சிவப்பு இல்லை, பழுப்பு. கோபுரத்துக்கு மேலே போக விடவில்லை. கல் சன்னல் மண்டபத்தில் பாதிக்குச் சாரம் கட்டிப் பூச்சுவேலை நடக்கிறது. மீதிப் பாதி திறந்திருந்தது. நான் போனபோது மேகம், தரையில் ஒன்றுமே விழவில்லை. சுவரோரம் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்கு மேல் வெயில் வந்தது. காலண்டரில் இருந்த மாதிரி பூப்பூவாக இல்லை. நீள நீளமாக, சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தது. உன் கடிதத்து வரி மாதிரி. ஒருத்தரையும் பார்த்து நான் சிரிக்கவில்லை. கையை நீட்டினேன், கையிலும் விழுந்தது.

காவல்காரர், சிற்பி, ராணி எதுவும் இதில் இல்லை. நான் பார்த்தது இவ்வளவுதான். நீ இரண்டு நாள் கேட்டாய். நான் இரண்டு நாளும் இருந்து பார்த்தேன்.

அன்றைக்குப் பெஞ்சில் நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். வரவில்லைடா. நாம் வரவே இல்லை.

இப்படிக்கு,
அக்கா


ஜனவரி 5

அண்ணிக்கு,

நாங்கள் நலம். அண்ணனையும் பேரனையும் கேட்டதாகச் சொல்லுங்கள். வேலை போனதைக் கேட்டு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். சன்னல் வெளிச்சம் வந்த இடத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். கையை நீட்டி இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

பதில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"நல்லா சொல்லியிருக்கா. இந்த வாட்டி எந்த ஊர்ல எறங்குனாளாம், கேட்டு எழுது" என்றார்.